பொம்மை வீட்டுச் சுவரில் ஒரு சுருக்கம்

பெரிய வீடொன்றின் கூடத்துச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு புடைப்பு எழுந்திருந்தால், அந்த வீட்டில் குடியிருப்பவர்களே அதைப் பல மாதம் கவனியாமல் இருந்துவிடக்கூடும். அதே இரண்டு மில்லிமீட்டர் புடைப்பு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற பிரமாணத்தில், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்யப்பட்ட பொம்மை வீட்டின் சுவரில் எழுந்துவிட்டாலோ, அந்த வீட்டின் கணக்கில் அது ஏறக்குறைய ஓர் அங்குல வீக்கமாகிவிடுகிறது. அலமாரி சுவரோடு ஒட்டி நிற்காது, மாட்டிய படம் கோணலாகத் தொங்கும், விளக்கை ஏற்றியதும் அந்தப் புடைப்பின் நிழல் அறை முழுவதையும் கெடுத்துவிடும். வீட்டைச் சிறிதாக்கலாம், நாற்காலியையும் மேஜையையும் கடிகாரத்தையும் சிறிதாக்கலாம், காகிதத்தின் நாரையும் நீரின் ஸ்வபாவத்தையும் மட்டும் எந்தக் கைவினைஞராலும் சிறிதாக்க முடியாது. பொம்மை வீட்டுக்கு வால்பேப்பர் ஒட்டுகிறவர்கள் படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன. அந்தத் தொல்லைக்குப் பரிகாரமும் இதே உண்மையை அறிவதில்தான் இருக்கிறது.

நம் ஊர்ச் சிறுமிகள் மணலில் சிற்றில் இழைத்து, சொப்புகளில் சோறு சமைத்து, பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்கள். ஐரோப்பாவிலோ பொம்மை வீடு ஆரம்பத்தில் குழந்தைகளின் பொருளாகவே இருக்கவில்லை. பவேரியாவின் அதிபதியான ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58-இல் செய்வித்த சிறு மாளிகைதான் ஆவணங்களில் இடம்பெற்றவற்றுள் மிகப் பழமையானது என்பார்கள். அது ஓர் அரசர் தம் ஐசுவரியத்தைப் பிறர் கண்டு வியக்கவேண்டும் என்று வைத்துக்கொண்ட காட்சிப்பொருள். ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் செல்வச் சீமாட்டி பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் சேர்த்து அமைத்த பொம்மை வீடு, ஆமை ஓடு பதித்து இழைத்த பேழைக்குள் அடங்கியது. அதற்காக அவர் செலவிட்ட பொருளைக் கொண்டு அந்நகரின் கால்வாய்க் கரையில் நிஜமான வீடொன்றையே வாங்கியிருக்கலாம். அது இன்றும் அந்நகரத்து ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. புது டில்லியில் இன்று ராஷ்டிரபதி பவனாக விளங்கும் மாளிகையை நிர்மாணித்த எட்வின் லட்யன்ஸ், அந்தப் பெரும்பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1921 முதல் 1924 வரை, இங்கிலாந்தின் ராணி மேரிக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் மற்றொரு மாளிகையையும் வகுத்துக் கொடுத்தார். குழாயில் நீர் வரும், மின்விளக்கு எரியும், லிஃப்டு ஏறி இறங்கும் அந்த வீட்டை விண்ட்ஸர் கோட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

ராஜ மாளிகைகளை விட்டுவிடுவோம். இன்றைக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பொம்மை வீடு கட்டுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை, பேத்திக்குப் பரிசளிக்க விரும்பும் தாத்தா, மாலை நேரத்தில் மனத்துக்கு ஓர் உவப்பான வேலையை நாடும் குமாஸ்தா. ஒட்டுப்பலகையிலோ எம்.டி.எஃப். பலகையிலோ அறுத்துத் தயாராக வரும் பாகங்களை வாங்கிப் பூட்டி, சாயம் பூசி, கடைசியில் அச்சிட்ட சிறு பூக்களும் கோடுகளும் கொண்ட சுவர்க் காகிதத்தை ஒட்டும்போதுதான் அவர்களுடைய பொறுமைக்குச் சோதனை வருகிறது. மாலையில் கண்ணாடிபோல் ஒட்டிவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்து பார்த்தால், மூலையில் ஒரு மடிப்பு, ஜன்னலுக்கு மேலே ஒரு கொப்புளம். தம் கைத்திறமையில் ஏதோ குறை என்று அவர் வருந்துகிறார். பெரும்பாலும் குறை கையில் இல்லை.

காகிதம் என்பது தாவர நார்கள் நீரில் மிதந்து, சல்லடையின்மேல் படிந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு காய்ந்த ஒரு படலம். நீர் பட்டால் ஒவ்வொரு நாரும் வீங்குகிறது. ஆனால் நீளத்தில் அது அதிகம் வளர்வதில்லை, பருமனில்தான் பெருக்கிறது. கையால் காகிதம் செய்த காலத்தில் நார்கள் எல்லாத் திசைகளிலும் கலந்து கிடந்தன. 1799-இல் பிரான்ஸ் தேசத்து நிக்கோலா லூயி ரோபேர் தொடர்ச்சியாகக் காகிதம் செய்யும் இயந்திரத்துக்கு உரிமை பெற்று, பின்பு அது இங்கிலாந்தில் ஃபோர்ட்ரினியர் சகோதரர்களின் பொருளுதவியால் செம்மைப்பட்டு, ஓடுகிற சல்லடையின்மேல் கூழ் பாயத் தொடங்கியதும், நார்களில் பெரும்பகுதி அந்த ஓட்டத்தின் திசையிலேயே படுக்கத் தொடங்கிவிட்டன. ஆகையால் இயந்திரக் காகிதத்துக்கு நெடுக்கு, குறுக்கு என்ற பேதம் உண்டு. நனைந்தால் நெடுக்கில் கொஞ்சமாகவும் குறுக்கில் அதைப்போலச் சில மடங்கும் விரியும். தாளின் ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, அதன் ஒரு பக்கத்தை மட்டும் ஈரவிரலால் தடவினால், அது உடனே குழல்போலச் சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுவே நார் ஓடும் திசை. வேலையைத் தொடங்கும் முன் ஒருவர் செய்துகொள்ளக்கூடிய பரீட்சைகளில் இதைவிட எளியதும் பயனுள்ளதும் வேறு இல்லை.

இப்போது சுருக்கத்தின் காரணம் விளங்கும். பசை தடவியவுடன் தாள் விரியத் தொடங்குகிறது. விரிந்து முடிவதற்குள் அதைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் அழுத்திவிட்டால், எஞ்சிய விரிவுக்குப் போகிற இடமில்லாமையால் நடுவில் அது மேலே எழும்புகிறது. நிஜ வீடுகளுக்குக் காகிதம் ஒட்டும் தொழிலாளிகள் இதை அனுபவத்தால் அறிந்தவர்கள்; பசை தடவிய தாளைப் பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி மெல்ல மடித்து வைத்து, தாள் நன்றாக ஊறி விரிந்து அடங்கச் சில நிமிஷம் காத்திருந்து, அதன் பின்பே சுவரில் ஏற்றுவார்கள். காய்கிறபோது அது சுருங்கித் தானே இழுத்துக்கொண்டு விறைப்பாகும். பொம்மை வீட்டுக்காரரோ, தாள் கையகலந்தானே, இதற்கு என்ன காத்திருப்பது என்று அவசரப்பட்டுவிடுகிறார்.

பலகையும் இதில் பங்குதாரர். மெருகு பூசாத வெறும் மரம் பசையிலுள்ள நீரை உறிஞ்சிவிடுவதால், சில இடங்களில் பசை உடனே உலர்ந்து தாளைப் பற்றாமல் விட்டுவிடுகிறது. அங்கே கொப்புளம் எழுகிறது. தவிரவும், மழைக்காலத்தில் நம் வீட்டு மரக்கதவு உப்பி நிலையோடு இறுக்கிக்கொள்வதுபோல, பொம்மை வீட்டின் பலகைகளும் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்குகின்றன. இரண்டு சுவர்கள் கூடும் மூலையைத் தாண்டி ஒரே தாளாக ஒட்டியிருந்தால், குளிர்காலத்தில் அறையைக் கணப்பு உலர்த்தும்போது அந்த மூலையில் தாள் இழுபட்டுச் சுவரைவிட்டு அந்தரத்தில் நிற்கும்.

சுருக்கத்தைக் கண்டவர் செய்யவேண்டிய முதற்காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஈரத்தாளில் தெரியும் அலைகளில் பெரும்பாலானவை, ஒரு முழு நாள் விட்டுவிட்டால், காயும்போது தாமே இழுபட்டு மறைந்துவிடும். அதற்குள் பொறுமையிழந்து நகத்தால் தேய்க்கிறவர்கள், போகவிருந்த அலையை நிலையான மடிப்பாக மாற்றிவிடுகிறார்கள். மறுநாளும் இருந்தால், அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கவேண்டும். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் மேடுபள்ளங்களெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். பென்சில் முனையால் மெல்லத் தட்டினால், ஒட்டிய இடம் கெட்டியாக ஒலிக்கும். விட்ட இடம் டொக்கென்று உள்ளீடற்று ஒலிக்கும்.

அடுத்தபடி, எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதை அறியவேண்டும். சிகிச்சை முழுவதும் இதைப் பொறுத்தது. கோதுமை மாப் பசையோ, வால்பேப்பர் பசையாக விற்கும் மீதைல் செல்லுலோஸோ ஆனால் கவலையில்லை. ஈரம் பட்டால் இரண்டும் மறுபடி இளகும். வெள்ளைப் பசை என்று நாம் தச்சுவேலைக்கு வாங்குவது வேறு ஜாதி. காய்ந்த பிறகு அது நீருக்கு லேசில் இணங்காது, சூட்டுக்குத்தான் இணங்கும். தாளின்மேல் ஒரு பட்டர் பேப்பரை வைத்து, அதிகச் சூடில்லாத இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி அழுத்தி எடுத்து, சூடு ஆறும்வரை ஒரு தட்டையான கட்டையால் அமுக்கிப் பிடித்தால், அவ்வகைப் பசை இளகி மறுபடி பற்றிக்கொள்ளும். தூவிப் பயன்படுத்தும் ஸ்பிரே பசைகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். வைத்த தாளை ஒரு மயிரிழை நகர்த்தவும் அவை இடங்கொடா. காகிதத்தின் மேலுள்ள மையையும் சோதிக்கவேண்டும். வீட்டிலுள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறியில் அடித்த சித்திரமானால், ஒரு சொட்டு நீரில் பூவெல்லாம் கலங்கிப்போகக் கூடும்.

இனி ஒரு கொப்புளத்துக்குச் செய்யும் வைத்தியத்தைக் கிட்ட இருந்து பார்ப்போம். சாப்பாட்டு அறையின் பின்சுவரில், வெளிர்மஞ்சள் நிலத்தில் பச்சைக் கோடுகள் கொண்ட தாளில், அரை அங்குல அகலத்துக்கு ஒரு கொப்புளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அறையிலுள்ள சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து, வீட்டையே மெல்லப் புரட்டிப் பின்பக்கமாகப் படுக்கவைக்கவேண்டும். பழுதுள்ள சுவர் இப்போது தரையாகிவிடுகிறது, பூமியின் ஆகர்ஷணமே நமக்கு வேலையாள் ஆகிவிடுகிறது. சர்ஜிகல் பிளேடு ஒன்றை எடுத்து, பச்சைக் கோட்டின் ஓரத்தை ஒட்டியே, பிளேடைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, கொப்புளத்தின் நீளத்துக்கு ஒரு கீறல் இடவேண்டும். சாய்த்துக் கீறினால் இரு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வெட்டு வெள்ளைக் கோடாகக் கண்ணில் படாது. பிறகு ஈரமான மெல்லிய தூரிகையால் அந்த இடத்தை மட்டும் நனைக்காமல், அந்தக் கோடு அல்லது கட்டம் முடிகிற எல்லைவரை இலேசாக ஈரம் காட்டவேண்டும். ஓரிடத்தில் மட்டும் நனைத்தால், காயும்போது ஈரம் நின்ற விளிம்பில் பழுப்பாக ஒரு வளையம் படிந்துவிடும். கொப்புளத்தைவிட அந்தக் கறை அவலட்சணம்.

இரண்டு மூன்று நிமிஷத்தில் தாள் தளர்ந்து மிருதுவாகும். கீறலின் உதட்டைப் பிளேடின் நுனியால் தூக்கி, மருந்து ஏற்றும் சிரிஞ்சின் மூலம், மோர்ப் பதத்துக்குக் கரைத்த பசையை ஒரு துளி உள்ளே விடவேண்டும். அதிகமானால் அதுவே புதிய கொப்புளமாகும். ஈரப்பஞ்சினால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றி ஒற்றிக் காற்றையும் மிகுந்த பசையையும் கீறல் வழியாக வெளியேற்றவேண்டும். ஒற்றுவது வேறு, தேய்ப்பது வேறு. நனைந்த தாளைத் தேய்த்தால் அதன் மேற்றோல் திரிதிரியாக உரிந்து வரும், பச்சையும் அதோடு போகும். பிறகு அதன்மேல் ஒட்டாத பட்டர் பேப்பர், அதன்மேல் மையொற்றும் தாள் இரண்டு, அதன்மேல் அறைக்குள் அடங்குகிற அளவுக்கு வெட்டிய பலகைத் துண்டு, அதன்மேல் கனமான பாரம் ஒன்று. கால்மணி நேரத்தில் ஒற்றுத்தாளை மாற்றிவிட்டு, இரவு முழுவதும் விட்டுவிடவேண்டும். காலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து நீங்களே தேடினாலும் கீறல் அகப்படுவது சிரமம்.

மூலையில் அந்தரத்தில் நிற்கும் தாளுக்குப் பசை ஏற்றிப் பிரயோஜனமில்லை, மீண்டும் இழுத்துக்கொள்ளும். மூலைக்கோட்டின் நெடுகிலும் நேராக வெட்டிவிட்டு, இரு ஓரங்களையும் தனித்தனியே ஒட்டுவதே வழி. தாள் குறைந்து சிறிது இடைவெளி தெரிந்தால், மீந்த துண்டிலிருந்து கோடு பொருந்தும்படி ஒரு மெல்லிய பட்டி வெட்டி உள்ளே வைக்கலாம். நார் முறிந்து படிந்துவிட்ட பழைய மடிப்பு எந்த வைத்தியத்துக்கும் முழுவதும் அடங்காது. அங்கே ஒரு புத்தக அலமாரி நிற்பதுதான் அழகு.

புதிதாக ஒட்டப்போகிறவர்களுக்கு இத்தனையும் வேண்டியதில்லை. பலகையை முதலில் நீர் உறிஞ்சாதபடி மெல்லிய வார்னிஷோ பிரைமரோ பூசி உலரவிட்டு, பின்சுவரின் தாளை இருபுறமும் சில மில்லிமீட்டர் பக்கச்சுவர்களின்மேல் மடியும்படி முதலில் ஒட்டி, பிறகு பக்கச்சுவர்த் தாள்களை மூலைவரை மட்டும் கச்சிதமாக வெட்டி அதன்மேல் வைத்தால், மூலையில் இடைவெளியும் தெரியாது, இழுப்பும் இருக்காது. இதனினும் மேலான முறை ஒன்று உண்டு. அறையின் ஒவ்வொரு சுவருக்கும் அளவாக மெல்லிய அட்டை வெட்டி, தாளை மேஜைமேல் வைத்தே அந்த அட்டையில் ஒட்டி, பாரத்தின் கீழ் உலர்த்தி, பின்பு அட்டையோடு அறைக்குள் நழுவவிட்டு, இரண்டொரு இடத்தில் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் நிறுத்திவிடுவது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஈரத்தாள் காயும்போது இழுப்பதால் அட்டை ஒரு பக்கமாக வளைந்துவிடும். அதைத் தடுக்க அட்டையின் பின்பக்கத்திலும் அதே கனமுள்ள சாதாரணத் தாளை, நார் அதே திசையில் ஓடும்படி, ஒட்டவேண்டும். இரண்டு பக்கத்து இழுப்பும் சமமானால் அட்டை நேராக நிற்கும். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் அட்டையின் உட்புறம் தாள் ஒட்டுவதில் இதே நியாயம் அடங்கியிருக்கிறது. ஒருநாள் அறையின் கோலத்தை மாற்ற மனம் வந்தால், அட்டையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகிவிடலாம்; மின்கம்பி பழுதானாலும் சுவரைக் கிழிக்கவேண்டியதில்லை. புதிய வீட்டுக்கு இதுவே உத்தமமான வழி என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதுவரை சொன்னவை புதிய வீடுகளுக்கு. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொம்மை வீடு கைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியது முற்றிலும் வேறு. அந்தக் காலத்தில் பல சமயம் பொம்மை வீட்டுக்கென்று தனிக் காகிதம் வாங்கவில்லை; பெரிய வீட்டில் ஒட்டி மீந்த துண்டுகளே சிறிய வீட்டுக்கு வந்தன. பெரிய வீட்டின் சுவர்கள் எத்தனையோ முறை புதுப்பிக்கப்பட்டு, பழைய காகிதம் குப்பைக்குப் போய், சில சமயம் வீடே இடிக்கப்பட்டுவிட்ட பிறகும், அந்தக் காகிதத்தின் ஒரு சாண் துண்டு பொம்மை வீட்டின் படுக்கையறையில் உயிரோடு இருப்பதுண்டு. இங்கிலாந்தில் 1712 முதல் 1836 வரை சுவர்க் காகிதத்துக்கு வரி இருந்தது. வரி செலுத்தியதற்கு அடையாளமான முத்திரை தாளின் பின்புறத்தில் குத்தப்பட்டது. சுருங்கியிருக்கிறதே என்று உரித்தெறிகிறவர் தம் கையாலேயே அந்த முத்திரையைக் கிழித்தெறிகிறவராகவும் கூடும்.

பழைய காகிதத்தில் ஈரம் காட்டுவதும் ஆபத்து. அச்சுக்கட்டையால் அடித்த அந்நாளைய வர்ணங்கள் வஜ்ஜிரப் பசையில் குழைத்தவை. ஈரப்பஞ்சு பட்ட மாத்திரத்தில் கரைந்து பஞ்சோடு வந்துவிடும். பச்சை நிறமானால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 1775-இல் ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் ஷீலே கண்டுபிடித்த பச்சையும், 19-ஆம் நூற்றாண்டில் அதற்குப் பின் வந்த மரகதப் பச்சையும் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் கலந்தவை. அவற்றைச் சுவர்க் காகிதத்தில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அத்தகைய தாளை உலர்ந்த நிலையில் சுரண்டினால் விஷப்பொடி பறக்கும். பழைய பச்சைத்தாள் ஒட்டிய வீட்டைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுக்கவே கூடாது.

சுருக்கமும் கறையும் சில வீடுகளில் குறையே அல்ல என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பிரான்ஸெஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்க மாது 1940-களில், துர்மரணங்களைத் துப்பறியும் போலீஸ் அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதற்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் வீடுகள் செய்தார். அவற்றில் சுவரின் அழுக்கும் சாமான்களின் தேய்மானமும் யோசித்து, வேண்டுமென்றே அமைக்கப்பட்டவை. பார்ப்பவர் அவற்றைக் கொண்டே அந்தக் குடும்பத்தின் நிலையை ஊகிக்கவேண்டும். 2017-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக அவற்றைச் செப்பனிட்ட ஸ்மித்ஸோனியன் நிபுணர்கள், காலம் செய்த சேதம் எது, அந்த மாது செய்த சேதம் எது என்று பிரித்தறிந்து, முதலாவதை மட்டும் தொடவேண்டியிருந்தது.

ஆகவே பழைய பொம்மை வீடு உங்களிடம் இருந்தால், மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறையையும் படம் பிடித்து வையுங்கள். தானே உதிர்ந்த துண்டுகளை, எந்த அறையின் எந்தச் சுவர் என்று எழுதிய உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கட்டாயம் ஏதேனும் செய்துதான் ஆகவேண்டும் என்றால், காகிதம் பாதுகாப்பதில் தேர்ச்சி பெற்ற ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சுருக்கம் சுருக்கமாகவே இருக்கட்டும்.